நல்ல படம்தானே, அவள் ஏன் நடுங்குகிறாள்?

கேள்வி:

என் மகளுக்கு 14 வயது. பேய்ப்படம் என்றால் அவளுக்கு உயிர். ரத்தம் தெறிக்கிற காட்சி வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளும் அவள் தோழிகளும் வீறிட்டுக் கத்திவிட்டு அடுத்த நொடியே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உலகத்தில் நிஜமாக நடந்த துயரமும் தெரியட்டும் என்று போன மாதம், ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994-ல் நடந்த இனப்படுகொலையைப் பற்றிய ‘ஹோட்டல் ருவாண்டா’ படத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். நான்தான் அவளை வற்புறுத்தி உட்கார வைத்தேன். அதில் ரத்தம் அதிகமில்லை. ஆனால் பனிமூட்டத்தில் வண்டி போகிற காட்சி வந்ததும் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை. “ஏம்மா என்னைப் பார்க்க வச்ச?” என்று கேட்கிறாள். பேய்ப்படம் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போய், உண்மையான துன்பத்தைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லாமல் போய்விட்டதா? என் கணவர் “ரெண்டுமே வெட்டுக்குத்துதான், எதுவும் வேண்டாம்” என்கிறார். நான் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை அதிகம் அரிக்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் மனம் மரத்துப்போகவில்லை. மரத்துப்போயிருந்தால் அந்தப் பனிமூட்டக் காட்சியையும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்திருப்பாள். எது கட்டிய கதை, எது நடந்த கொடுமை என்று அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிவதால்தான் எழுந்து போனாள்.

பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்கிற மனநல ஆலோசகராக நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் இது. பேய்ப்படம் என்றால் வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள். ‘நல்ல படம்’ என்ற பெயரோடு வருவதைப் பற்றி யாரும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பதில்லை. படத்தின் நோக்கம் உயர்ந்தது என்பதால் அதில் வரும் கொலையின் கனம் குறைந்துவிடாது. பார்க்கிறவர் 14 வயதுப் பிள்ளையாக இருந்தால் அந்தக் கனம் கூடத்தான் செய்யும்.

கிளார்க் மெக்காலி, ஜோனதன் ஹைட், பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990களில் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நிஜத்தில் எடுத்த காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். இறைச்சிக்கூடத்தில் மாடுகள் வெட்டப்படுவது ஒன்று. குழந்தையின் முகத்தில் நடக்கும் அறுவைச் சிகிச்சை இன்னொன்று. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் முடிவுவரை போகாமலே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, இதைவிடப் பல மடங்கு ரத்தம் கொட்டும் படங்களைப் பார்க்கிற வயதுதான் அவர்களுக்கு. நிஜக் காட்சியில் இல்லாதது என்ன? பின்னணி இசை இல்லை, பாத்திரங்கள் இல்லை, முடிவு என்று ஒன்று இல்லை. “இது கதை” என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கும் எதுவும் இல்லை.

பேய்ப்படம் முதல் நிமிடத்திலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இசை மெல்ல ஏறும்போதே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிடும். கதவு கிரீச்சிடும். “அந்தப் பக்கம் போகாதே” என்று திரையைப் பார்த்துக் கத்துவார்கள். அந்தப் பாத்திரம் அந்தப் பக்கம்தான் போகும். அடுத்து யார் சாவது என்பதுவரை உங்கள் மகளும் தோழிகளும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், கவனித்துப் பாருங்கள். உடம்பு ஆபத்து என்று நினைத்து நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. மனமோ நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பதை அறிந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இன்பத்தைப் பற்றித்தான் ரோசின் 2013-ல் விரிவாக எழுதினார். ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவர்கள் தேடுவதும் இதையேதான். டால்ஃப் ஸில்மன் என்ற இன்னோர் ஆய்வாளர் சொன்னதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பயத்தில் ஏறிய உடம்பின் பரபரப்பு உடனே இறங்கிவிடாது. ஆபத்து நீங்கியதும் அதே பரபரப்பு நிம்மதியையும் மகிழ்ச்சியையும் பெரிதாக்கிவிடும். அந்தப் பெண்கள் கத்தியதும் சிரிப்பது இதனால்தான். செத்துப்போகிற பாத்திரத்தைப் பார்த்து அவர்கள் கேலி செய்வதாக எண்ண வேண்டாம். அப்பாடா என்று வருகிற சிரிப்பு அது.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ வெளியானது 1960-ல். அதன் குளியலறைக் கொலை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகைப் பயன்படுத்தினார்கள். கத்தி உடலில் இறங்கும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கீச்சிடவில்லை என்றால் அந்தக் காட்சியில் பாதி பயம் போய்விடும். உங்கள் மகள் பார்க்கும் பேய்ப்படங்களில் ஏதாவது ஒன்று அவளை அளவுக்கு மீறிப் பயமுறுத்தினால், அந்தக் காட்சியை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்குமேல் கரைந்துவிடும். ஆனால் இந்த வைத்தியம் நீங்கள் போட்டுக் காட்டிய படத்துக்குப் பலிக்காது. ஒலியை நிறுத்தினாலும் ருவாண்டாவில் நடந்தது நடந்ததுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அச்சம் எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும். பேய், பூதம் எல்லாம் அணங்கில் அடங்கும். சுறா, பாம்பு, வேற்றுக்கிரக ஜந்து எல்லாம் விலங்கு. முகமூடி போட்டுக்கொண்டு நள்ளிரவில் வீடு புகுகிற கொலைகாரன் கள்வர் வகை. பேய்ப்படங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும். நான்காவதான இறை என்பது அரசன், அதாவது அதிகாரம். காக்க வேண்டிய கையே கொல்ல வந்தால் வருகிற பயம் அது. உங்கள் மகள் இதுவரை முதல் மூன்றோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக நான்காவதைப் பார்த்தாள். பேய்க்குக் கதவைச் சாத்தலாம். வானொலியில் பேசுகிறவனும், சாலையில் அடையாள அட்டையைக் கேட்டு நிற்கிறவனும், நேற்றுவரை வணக்கம் சொன்ன பக்கத்து வீட்டுக்காரனும் ஒரே அணியாகத் திரண்டால் எந்தக் கதவைச் சாத்துவது என்று 14 வயது மூளை யோசிக்கத்தானே செய்யும்?

அவள் எழுந்துபோன காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஹோட்டல் மேலாளர் பால், சரக்கு வாங்கிக்கொண்டு ஆற்றோரச் சாலையில் திரும்பி வருகிறார். விடியும் நேரம், ஒன்றும் தெரியாத மூடுபனி. வண்டி குலுங்கத் தொடங்குகிறது. ஓட்டுகிறவர் பாதையை விட்டு விலகிவிட்டார் என்றுதான் பால் நினைக்கிறார். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். வண்டி நிற்கிறது. கதவைத் திறந்து இறங்கியதும் விஷயம் புரிகிறது. சாலை முழுக்க உடல்கள். இவ்வளவு நேரமும் சக்கரம் ஏறி வந்தது அவற்றின் மேல்தான். வெட்டு இல்லை, குத்து இல்லை, திடுக்கிட வைக்கும் இசை இல்லை. அந்தக் குலுக்கல் என்ன என்பதை நாமே பின்னோக்கிப் போய்ப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பார்க்கிறவர் தானாகக் கண்டுபிடிக்கிற கொடுமை, காட்டப்பட்ட கொடுமையைவிட ஆழமாக உள்ளே இறங்கும். உங்கள் மகள் கூர்மையான பெண். உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் பார்க்காமல் விட்ட அடுத்த காட்சி எனக்கு இதைவிட முக்கியம். ஹோட்டலுக்குத் திரும்பிய பால் உடை மாற்றப் போகிறார். புதுச் சட்டை போடுகிறார். டை கட்ட வரவில்லை. விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அப்படியே தரையில் உடைந்துபோய் அழுகிறார். பேய்ப்படத்தில் இப்படி ஒரு காட்சியை நீங்கள் அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். அங்கே ஒருவர் செத்தால் பத்து நிமிடத்தில் அடுத்தவர். இழவு காக்க யாருக்கும் நேரமில்லை. இருந்தால் விளையாட்டு நின்றுபோகும். இந்த வகைப் போர்ப்படமோ, நன்றாக எடுக்கப்பட்டிருந்தால், சாவுக்குப் பிறகு நின்று துக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. இரண்டையும் “வெட்டுக்குத்து” என்று ஒரே கணக்கில் எழுதும் உங்கள் கணவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு ரத்தம் என்று பார்ப்பதைவிட, செத்தவருக்காகப் படம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது உபயோகமான அளவுகோல்.

வயதைப் பற்றியும் ஒரு விஷயம். 1983-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி டே ஆஃப்டர்’ என்ற படம் ஒளிபரப்பானது. அணுகுண்டு விழுந்தபின் சாதாரண மக்களின் கதி என்ன என்பது கதை. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். குழந்தைகளின் பயத்தை ஆராய்ந்துவந்த ஜோன் கேன்டரும் அவரது சகாக்களும் உடனே பெற்றோர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான பதில் வந்தது. சின்னக் குழந்தைகள் மிகக் குறைவாகவே கலங்கியிருந்தார்கள். பதின்வயதினர் அதிகம் கலங்கியிருந்தார்கள். எல்லோரையும்விட அதிகம் கலங்கியவர்கள் பெற்றோர்கள். சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தெரிகிற கோரப் பல்லுக்குத்தான் பயப்படும். வளர்ந்த பிள்ளை தனக்குப் புரிந்ததற்குப் பயப்படுகிறது. உங்கள் மகள் அந்த இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டாள்.

தணிக்கைச் சான்றிதழ் இதையெல்லாம் அளப்பதில்லை. அமெரிக்காவில் ‘ஹோட்டல் ருவாண்டா’வுக்குக் கிடைத்தது பிஜி-13, அதாவது 13 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்ற சான்றிதழ். திக்குவாயால் அவதிப்படும் மன்னரைப் பற்றிய ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்துக்குச் சில கெட்ட வார்த்தைகளுக்காக அதைவிடக் கடுமையான, 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற ஆர் சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழ் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்பதைப் பார்த்து எண்ணிச் சொல்லும். என்ன புரியும் என்பதை உங்கள் பிள்ளையை அறிந்த நீங்கள்தான் சொல்ல முடியும்.

‘நல்ல படம்’ என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். மனிதாபிமானம் பேசும் போர்ப்படங்கள் எல்லாமே மனிதாபிமானத்தோடு எடுக்கப்படுவதில்லை. 1960-ல் வந்த ‘காப்போ’ என்ற இத்தாலியப் படம் நாஜி வதைமுகாமைப் பற்றியது. அதில் ஒரு கைதிப்பெண் மின்வேலியில் விழுந்து சாகிறாள். கேமரா மெதுவாக அவளை நோக்கி நகர்ந்து, தூக்கி நிற்கும் கையை அழகான கோணத்துக்குக் கொண்டுவருகிறது. மறு ஆண்டே பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெட் அந்த ஒரு நகர்வைப் பிடித்துக்கொண்டு கடுமையாகச் சாடினார். ஒரு பெண்ணின் சாவை அழகுபடுத்தப் புறப்பட்ட அந்த முடிவே இழிவானது என்றார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சண்டை ஓயவில்லை. நான் ரிவெட் பக்கம். நோக்கம் எத்தனை புனிதமாக இருந்தாலும், சாகிற மனிதரைக் கேமரா எப்படிப் பார்க்கிறது என்பதுதான் பார்ப்பவர் மனதில் தங்கும். மாறாக, 2023-ல் வந்த ‘தி ஜோன் ஆஃப் இன்டரஸ்ட்’ நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் மதிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே நடக்கும் கொலை எதையும் காட்டுவதில்லை. சத்தம் மட்டும் மதிலைத் தாண்டி வருகிறது. மரியாதையான பார்வைதான். ஆனால் அதற்காக 14 வயதுப் பிள்ளைக்கு அது லேசான படம் என்று எண்ணிவிடாதீர்கள்.

பேய்ப்படங்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகவும் நினைக்க வேண்டாம். அவற்றில் ஒரு வகை எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இளம்பெண்ணை அரைகுறை ஆடையில் ஓடவிட்டு, துரத்துகிறவனின் கண்ணாகக் கேமராவை வைத்து, அவள் துடிப்பதை ரசிக்கும்படி எடுக்கிற படங்கள் அவை. டேனியல் லின்ஸ், எட்வர்ட் டோனர்ஸ்டீன் ஆகியோர் 1980களில் இத்தகைய படங்களை ஆண்களுக்கு நாள்தோறும் ஒன்றாகப் போட்டுக் காட்டினார்கள். முதல் நாள் இருந்த பதைப்பு போகப்போகக் குறைந்தது. பின்னர் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு விசாரணையின் காணொளியைக் காட்டியபோது, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்ததை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். நீங்கள் சொன்ன மரத்துப்போதல் இதுதான். ஆகவே உங்கள் மகள் எந்தப் பேய்ப்படம் பார்க்கிறாள் என்று ஒருநாள் அவளோடு உட்கார்ந்து பாருங்கள். பேய், பிசாசு, பாழடைந்த மாளிகை என்றால் விட்டுவிடுங்கள். பெண்ணின் வலியையே காட்சிப்பொருளாக்கும் படம் என்றால் சத்தம் போடாமல், “இந்த இடத்துல கேமரா யார் பக்கம் நிக்குதுன்னு பாரு” என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்கே குமட்டும்.

“துன்பத்தைப் பார்க்கத் தெம்பில்லையா?” என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிறர் துன்பத்தைக் காணும்போது மனிதருக்குள் இரண்டு விதமான எதிர்வினை எழும் என்று உளவியலாளர் டேனியல் பாட்சன் பிரித்துக் காட்டினார். ஒன்று, அந்த மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற கரிசனம். மற்றொன்று, தாங்க முடியவில்லை, இங்கிருந்து போய்விட வேண்டும் என்ற தவிப்பு. இரண்டும் இளகிய மனதிலிருந்துதான் வருகின்றன. ஆனால் தவிப்பு ஓட வைக்கும். கரிசனம் நின்று பார்க்க வைக்கும். எச்சரிக்கை இல்லாமல், பின்னணி தெரியாமல், எழுந்து போகவும் அனுமதி இல்லாமல் ஒரு பிள்ளையை உட்கார வைத்தால் வருவது தவிப்புதான். நீங்கள் அவளுக்குக் கொடுக்க நினைத்தது கரிசனத்தை. அதற்கு வழி இப்போதும் இருக்கிறது.

இன்றைக்கோ நாளைக்கோ, இரவில் வேண்டாம், பகலில், இருவரும் ஏதோ ஒரு வேலையில் இருக்கும்போது பேச்சை எடுங்கள். “உன்னைக் கேட்காம உட்கார வச்சது என் தப்பு. முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்று முதலில் சொல்லிவிடுங்கள். அது அவளுக்குப் பெரிய ஆறுதல். “அது வெறும் படம்தானே” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பேய்ப்படத்துக்குப் பொருந்துகிற அந்த வாக்கியம் இங்கே பொய். பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் உங்களிடம் மேற்கொண்டு பேச மாட்டாள்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: “அந்த இடத்துல உனக்கு எதும்மா தாங்கல?” பதில் எதுவாகவும் இருக்கலாம். அதைப் பொறுத்துத்தான் உங்கள் பேச்சு போக வேண்டும்.

“அந்தச் சாலை, அந்த உடம்புங்க கண்ணுலயே நிக்குது” என்றால் அது காட்சி சார்ந்த பயம். எமிலி ஹோம்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் செய்த ஒரு சோதனை எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வரும். கோரமான நிஜக் காட்சிகளைப் பார்த்த அரை மணி நேரத்தில், விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு, அந்தக் காட்சிகள் தாமாக மனதில் வந்து விழுவது அடுத்த ஒரு வாரத்தில் குறைவாக இருந்தது. கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுத்தால், படிமம் ஆழமாகப் பதிய இடம் குறைகிறது. உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது என்பதால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் படுக்கைக்குப் போகும் முன் படம் வரைவது, புதிர் அடுக்குவது போல எதையாவது செய்யட்டும். விளக்கு எரியட்டும், சண்டை போடாதீர்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும். இனிமேல் எந்தக் கனமான படத்தையும் பார்த்த கையோடு படுக்கப் போக வேண்டாம் என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

“பக்கத்து வீட்டுக்காரங்களே எப்படிம்மா அப்படிச் செஞ்சாங்க?” என்று கேட்டாள் என்றால், அவள் பயம் காட்சியைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கு வரலாறுதான் மருந்து. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ 100 நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டது ஒரே இரவில் பொங்கி வந்த வெறியால் அல்ல என்று சொல்லுங்கள். கொன்றவர்கள் பெரும்பான்மை ஹூட்டு இனத் தீவிரவாதிகள், கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறுபான்மை டுட்ஸி இனத்தவர். ஹூட்டு, டுட்ஸி என்று அடையாள அட்டையில் குத்தும் வழக்கம் 1930களில் பெல்ஜியக் காலனி ஆட்சியில் வந்தது. கொலைகளுக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே ஒரு வானொலி நிலையம் டுட்ஸிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆயத்தங்கள் நடந்தன. அதே நேரத்தில், பக்கத்து வீட்டாரைத் தங்கள் உயிரைப் பணயம் வைத்து ஒளித்துக் காப்பாற்றிய ஹூட்டுக்களும் இருந்தார்கள். படிப்படியாகக் கட்டப்பட்ட கொடுமை என்றால், இடையில் அடையாளம் கண்டு தடுக்கவும் முடியும் என்பது அவளுக்குப் புரியும். காரணமே இல்லாமல் வருகிற கொடுமைதான் தூங்கவிடாது.

“யாருமே காப்பாத்த வரலையே” என்பது பதிலானால், மழுப்ப வேண்டாம். உண்மைதான், ஐ.நா. தன் படையை அந்த நேரத்தில் குறைத்துக்கொண்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. ஒரு சர்வதேசத் தீர்ப்பாயத்தை அமைத்தது. தான்சானியாவின் அருஷாவில் விசாரணைகள் நடந்தன. கொலைகள் நடந்தபோது பிரதமராக இருந்த ஜான் கம்பாண்டா குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1998-ல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வானொலியை நடத்தியவர்கள் 2003-ல் தண்டிக்கப்பட்டார்கள். பேய்ப்படத்தில் பயத்திலிருந்து வெளியே வர ஒரு வாசலை இயக்குநரே வைத்துவிடுகிறார். நடந்த கொடுமையைச் சொல்லும் படத்தில் அந்த வாசலைப் பெரியவர்கள்தான் திறந்துவிட வேண்டும். தீர்ப்பாயம், சாட்சி சொன்னவர்கள், காப்பாற்றியவர்கள் என்று படத்துக்குப் பிறகும் நீளும் கதைதான் அந்த வாசல். கூடவே, அந்தப் படத்தின் நாயகனை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதையும் சொல்லலாம். அந்த ஹோட்டலில் உயிர் தப்பியவர்களில் சிலர், படத்தில் அவரைக் காட்டிய விதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சினிமா எப்போதும் ஒருவர் தோளில் ஏறித்தான் வரலாற்றைப் பார்க்கும்.

உங்கள் கணவரிடம் நான் சொல்ல விரும்புவது வேறு. அவர் பதற வேண்டியது இந்த இரண்டு வகைப் படங்களைப் பற்றியல்ல, மகளின் கைபேசியைப் பற்றி. போர்க்களத்தில் யாரோ எடுத்த நிஜக் காணொளிகள் யாரும் கேட்காமலே அதில் வந்து ஓடுகின்றன. தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, செத்தவருக்குப் பெயர் இல்லை, அடுத்த நொடி ஒரு நடனம். 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஓர் ஆய்வில், அடுத்த ஒரு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அது குறித்த செய்திகளிலும் படங்களிலும் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. காணொளிகள் தானாக ஓடும் வசதியை அவள் கைபேசியில் நிறுத்திவையுங்கள். அவளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அவளுக்கு இருப்பது நோயா என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். உளவியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, படத்தில் பார்த்ததை மட்டும் வைத்து ஒருவருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்றே சொல்கிறது. பெரும்பாலும் இது தானாகத் தணியும். ஆனால் ஜோன் கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் ஏதோ ஒரு படமோ நிகழ்ச்சியோ தங்களைக் கடுமையாகப் பயமுறுத்தியதாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள் சுமார் 90 சதவீதம் பேர். நான்கில் ஒரு பங்கினருக்கு அந்தக் கலக்கத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. எனவே சும்மா விட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் பேசிப் பார்த்த பிறகும் தூக்கம் சரியாகாமல் இன்னும் சில வாரங்கள் போனால், பள்ளிக்குப் போக மறுத்தால், தனியாக ஓர் அறையில் இருக்கவே முடியாமல் போனால், குழந்தைகள் மனநல நிபுணர் ஒருவரை நேரில் பாருங்கள். சில சமயம் வேறு ஏதோ ஒரு கவலை இந்தப் படத்தின் முதுகில் ஏறிக்கொண்டு வெளியே வந்திருக்கும். நேரில் பேசினால்தான் அது தெரியும்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒரு காரியம். அவள் எழுந்து போனது படத்தின் மிகக் கொடிய இடத்தில். மிச்சத்தை அவள் பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை பால் இன்னும் அந்தப் பனிமூட்டச் சாலையில்தான் நிற்கிறார். முடிவை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். அந்தக் குடும்பம் உயிரோடு அகதி முகாமுக்குப் போய்ச் சேர்கிறது. காணாமல் போயிருந்த, பால் மனைவியின் சகோதரர் மகள்கள் இருவரும் அந்த முகாமிலேயே கிடைக்கிறார்கள். எல்லோரும் ஒரே பேருந்தில் எல்லையைத் தாண்டிப் போகிறார்கள். இதைக் கேட்ட பிறகு மிச்சப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளாகக் கேட்டால், பகலில் போடுங்கள். எந்த இடத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். கேட்கவில்லை என்றால் நீங்களாக எடுக்க வேண்டாம்.